தடாகத்துப் பாசியும் வாற்பேத்தையும்

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

கமக்காரப் பெருமக்களே,

நெல்லினங்களைப் பற்றியும் நாற்றுமேடையைப் பற்றியும் பலமுறை உங்களோடு பேசியிருக்கின்றேன். இன்று எடுத்துக்கொண்ட பொருள் அளவிற் சிறியது. உங்கள் வளவின் மூலையில் இருக்கும் நீர்த்தடாகம், அதிற் படரும் பாசி, அப்பாசியைத் தின்று வளரும் வாற்பேத்தை ஆகிய மூன்றையும் பற்றியே பேசப்போகின்றேன். பேத்தையைப் பற்றியும் ஒரு பேச்சா என்று சிலர் சிரிக்கக்கூடும். பேச்சு முடியும்போது அச்சிரிப்பு நிலைக்காது என்று நம்புகின்றேன்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கிணற்றிலிருந்து இறைக்கும் நீரைச் சேர்த்து வைத்து மரக்கறிப் பாத்திகளுக்கு ஊற்றுவதற்காக உங்களிற் பலர் வளவில் சிறு தடாகமோ சீமெந்துத் தொட்டியோ அமைத்திருக்கின்றீர்கள். சில மாதங்களில் அதன் நீர் பச்சை பிடித்துவிடுகின்றது. நூல் நூலாகத் திரண்ட பாசி, நீரிறைக்கும் இயந்திரத்தின் உறிஞ்சுகுழாயை அடைக்கின்றது. தூவல் முறையில் நீர் பாய்ச்சுவோரின் குழாய்த் துளைகளும் அடைபடுகின்றன. அப்போது என்னிடம் இரண்டு கேள்விகள் வருகின்றன. ஒன்று, "மயில்துத்தம் போட்டால் என்ன?" என்பது. மற்றது, "வயலிலிருந்து பேத்தைகளைப் பிடித்து விட்டால் அவை பாசியைத் தின்றுவிடும் என்கிறார்களே, மெய்தானா?" என்பது.

முதற் கேள்விக்கு விடை, போடாதீர்கள் என்பதே. இரண்டாவது கேள்விக்கு விடை, பாதி மெய் என்பதாகும். எஞ்சிய பாதியை அறியாமற் பேத்தைகளைப் பிடித்து விடுவோர், அவற்றையும் இழந்து, பாசியையும் மீண்டும் காண்பர். அப்பாதியை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில், பாசி ஏன் வருகின்றது என்பதைப் பார்ப்போம். பாசியை எவரும் விதைப்பதில்லை. அதன் நுண்வித்துக்கள் காற்றிலும், மண்ணிலும், கொக்கின் காலிலும் ஒட்டி வந்து சேர்கின்றன. அவை பெருகுவதற்கு வெயில், அசையாத நீர், உணவு என்னும் மூன்றும் வேண்டும். வெயிலும் அசையாத நீரும் தடாகத்தில் இயல்பாகவே உள்ளன. மூன்றாவதாகிய உணவை நாமே ஊட்டுகின்றோம். பாத்திக்கு இட்ட யூரியாவும் முச்சுப்பர் பொசுபேற்றும் மழைநீரோடு வடிந்து தடாகத்தை அடைகின்றன. மாட்டுக்கொட்டிலைக் கழுவிய நீர் அதே பள்ளத்தை நோக்கி ஓடுகின்றது. மரத்தின் இலைசருகுகள் விழுந்து அழுகுகின்றன. இவற்றிலுள்ள நைதரசனும் பொசுபரசும் பயிருக்கு எவ்வாறு உணவோ அவ்வாறே பாசிக்கும் உணவாகும்.

ஆகவே, பச்சை பிடித்த தடாகத்தைக் காணும்போது, உங்கள் பணத்தில் ஒரு பகுதி நீரில் மிதக்கின்றது என்று எண்ணிக்கொள்ளுங்கள். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்படும் வரையிலும், அதற்குப் பின்னர் விலை ஏறிய காலத்திலும், ஒரு பிடி யூரியாவின் அருமையை நாமெல்லோரும் அறிந்துகொண்டோம். அந்தப் பிடி யூரியா தடாகத்திற் பாசியாகக் கிடக்கும்போது அதனை நஞ்சிட்டுக் கொல்லுவது அறிவுடைமையாகாது. அதை மீட்டெடுத்துத் தோட்டத்திற்குக் கொண்டுவரும் வழியையே நாம் தேட வேண்டும்.

மயில்துத்தம் பாசியைக் கொல்லும் என்பது உண்மையே. ஆயினும் கொல்லப்பட்ட பாசி எங்கும் போவதில்லை. அது அடியில் விழுந்து அழுகும். அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசனை உண்டு மீனையும் ஏனைய உயிர்களையும் மூச்சுத் திணறச் செய்யும். அழுகியபின் அதிலிருந்த நைதரசனும் பொசுபரசும் மீண்டும் நீரிற் கலந்து அடுத்த பாசிக்கு உணவாகும். நீங்கள் இட்ட செம்போ சேற்றிற் படிந்து கிடக்கும். வாற்பேத்தைகள் மிகச் சிறிதளவு செம்பையும் தாங்கமாட்டா.

இனி வாற்பேத்தையைப் பார்ப்போம். தவளை, தேரை ஆகியவற்றின் குஞ்சுப் பருவமே வாற்பேத்தை. வளர்ந்த தவளை பூச்சிகளைத் தின்னும். பேத்தையோ பெரும்பாலும் பாசியையும் அழுகிய இலைதழைகளையும் தின்னும். ஒரு பேத்தையைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். வயிற்றுத் தோலினூடாகக் கடிகாரத்துச் சுருள்வில் போன்று சுருண்டு கிடக்கும் குடல் தெரியும். இலையுணவைச் செரிப்பதற்கே குடல் இவ்வளவு நீண்டிருக்கின்றது. வாயிற் கொம்புப் பொருளாலான சிறு அலகும், அதனைச் சுற்றி அரம் போன்ற நுண்பற்களும் உண்டு. கல்லிலும் சுவரிலும் படிந்த வழுவழுப்பான பாசியை அது இவற்றாற் சுரண்டித் தின்னுகின்றது.

எனவே எந்தப் பாசியைப் பேத்தை தின்னும், எதைத் தின்னாது என்பது தெளிவாகும். சுவரிலும் கல்லிலும் இலைத்தண்டிலும் படிந்த வழுக்கற்பாசியை அது நன்றாகத் தின்னும். இளம் நூற்பாசியை ஓரளவு கடித்துக் குறைக்கும். முற்றித் திரண்ட நூற்பாசியைத் தின்று தீர்க்காது. நீர் முழுவதும் பச்சைச் சாயம் கரைத்ததுபோல இருக்குமாயின், அந்நுண்பாசியைச் சுரண்டித் தின்னும் பேத்தைகளால் நீக்க முடியாது. நீரை வடித்துத் தின்னும் சில சிறு தவளையினங்களின் பேத்தைகள் மாத்திரமே அதனை உண்ணும்.

நான்காவது வகையொன்றும் உண்டு. நீலமும் பச்சையும் கலந்த ஆடை நீரின்மேல் மையை ஊற்றியது போலப் படர்ந்து, துர்நாற்றம் வீசுமாயின் எச்சரிக்கையாக இருங்கள். நீலப்பச்சைப் பாசிகளிற் சில நஞ்சு சுரப்பவை. அந்நீரை மாடு ஆடுகளுக்குக் காட்டாதீர்கள். பிள்ளைகளை அதில் இறங்க விடாதீர்கள். கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு நீங்காது. அதற்குப் பேத்தை மருந்தன்று. நீரை வெளியேற்றித் தடாகத்தைத் துப்புரவு செய்வதே வழி. அதே வேளையில், எல்லாப் பாசியும் பகையன்று என்பதையும் மறக்கலாகாது. வயல்நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசிகளிற் சில, காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து நெல்லுக்குத் தருகின்றன.

பேத்தை பாசியைத் தின்னுவதால் மட்டும் பாசியின் உணவு தடாகத்தை விட்டு நீங்கிவிடுமா? நீங்காது. தின்றதிற் பெரும்பகுதி எச்சமாக மீண்டும் நீரிற் சேர்கின்றது. அளவுக்கு மிஞ்சிப் பேத்தைகளை விட்டால், சுவர் துப்புரவாகும். நீரோ முன்னிலும் பச்சையாகும். அந்த உணவு தடாகத்தை விட்டு மெய்யாகவே வெளியேறுவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நாம் பாசியைக் கையால் வாரி வெளியே எடுப்பது. மற்றது, பேத்தை கால் முளைத்துத் தவளைக் குஞ்சாகித் தானே கரையேறிப் போவது. அப்படிப் போகும் ஒவ்வொரு குஞ்சும், தான் தின்ற பாசியின் ஒரு பகுதியைத் தன் உடலாக்கிக்கொண்டு உங்கள் பாத்திக்குள் நுழைகின்றது. நேற்றுச் சுவரிற் படிந்திருந்த பாசி, இன்று நான்கு காலோடு மிளகாய்ச் செடியின் அடியில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கின்றது.

ஆகவே பேத்தையைத் தடாகத்தில் விடுவது பாதி வேலை. அது தவளையாகி வெளியேற வழிவிடுவது மற்றப் பாதி. நான் முன்னர் சொன்ன எஞ்சிய பாதி இதுவே. இதை நானும் ஒரு தவற்றின் மூலமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

எனது பகுதியில் முதிய கமக்காரர் ஒருவர் வளவிற் சீமெந்துத் தொட்டியொன்று கட்டியிருந்தார். கார்த்திகை மழையில் வயற்கிடங்கொன்றிலிருந்து நூறு நூற்றைம்பது பேத்தைகளைக் கொண்டுவந்து அதில் விட்டார். சில வாரங்களிற் சுவரின் வழுக்கல் குறைந்து சீமெந்தின் நிறம் தெரிந்தது. அவர் மகிழ்ந்தார், நானும் மகிழ்ந்தேன். மார்கழிக் கடைசியில் என்னை அழைத்தார். நீரின்மேல் விரல்நகத்தளவு தவளைக் குஞ்சுகள் வயிறு மேலாக மிதந்தன. "தம்பி, இதுக்குள்ளே ஆர் நஞ்சு போட்டது?" என்று கேட்டார். எவரும் நஞ்சு போடவில்லை. தொட்டியின் சுவர் நான்கு பக்கமும் செங்குத்தாக இருந்தது. வால் சுருங்கிக் கால் முளைத்த குஞ்சு காற்றையே சுவாசிக்கும். அதற்குக் கரை வேண்டும். கரையேற இடமின்றி அவை நீந்திக் களைத்து மூழ்கிவிட்டன. அத்தொட்டியை நான் முன்னர் இரண்டு தடவை பார்த்திருந்தேன். ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. குறை அவருடையதன்று, என்னுடையதே.

அடுத்த ஆண்டு அவர் பழைய தென்னங்குற்றியொன்றை நீருக்குள் சாய்த்து வைத்தார். குஞ்சுகள் அதில் ஏறி வெளியே போயின. இரவில் விளக்கோடு சென்று பார்த்தபோது கத்தரிப் பாத்தியில் அவை இரை தேடுவதைக் கண்டோம். அவ்வாண்டு பூச்சி முற்றாக ஒழிந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லேன். தவளை தன் முன் அசைவதையெல்லாம் தின்னும். அந்துப்பூச்சி, வெட்டுக்கிளி, வண்டு, தத்தி, கறையான் ஆகியவற்றோடு, நமக்கு உதவி செய்யும் சிலந்தியையும் அது விடுவதில்லை. ஆயினும் இரவு முழுவதும் கூலியின்றிக் காவல் செய்யும் இந்தக் காவற்காரனை இழந்தவன் அதன் அருமையை அறிவான். நமது அயல்நாடாகிய இந்தியாவில் ஒரு காலத்தில் வயற்றவளைகளைப் பிடித்து அவற்றின் கால்களை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்து வந்தனர். தவளை குறைந்தால் வயலிற் பூச்சி பெருகும் என்ற அச்சமும் எழவே, 1987ஆம் ஆண்டில் அரசாங்கம் அந்த ஏற்றுமதியைத் தடைசெய்தது.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

முதலாவது, தடாகம். பத்தடி நீளமும் ஆறடி அகலமும் இரண்டடி ஆழமும் உள்ள தடாகமொன்று ஏறத்தாழ 3,400 லீற்றர் நீர் கொள்ளும். வீட்டுத்தோட்டத்திற்கு இவ்வளவே போதும். மண்தடாகமாயின் ஒரு பக்கக் கரையையாவது படிப்படியாகச் சரிவாக வெட்டுங்கள். சீமெந்துத் தொட்டியாயின் சொரசொரப்பான பலகையையோ மரக்குற்றியையோ அடியிலிருந்து விளிம்பு வரை சாய்த்து வையுங்கள். நீர் குறைந்தாலும் அது நீரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். புதிதாகக் கட்டிய தொட்டியில் உடனே பேத்தைகளை விடலாகாது. சீமெந்தின் சுண்ணாம்பு நீரிற் கரைந்து அவற்றைக் கொல்லும். நீர் நிரப்பிச் சில நாள் வைத்து வெளியேற்றுங்கள். இவ்வாறு பலமுறை செய்தபின்னரே பயன்படுத்துங்கள். குளோரீன் இட்ட குழாய்நீராயின் திறந்த தொட்டியில் இரண்டொரு நாள் வெயில்பட வைத்து எடுங்கள்.

இரண்டாவது, நிழல். நீர்ப்பரப்பில் ஏறத்தாழப் பாதி அல்லி இலையாலோ தாமரை இலையாலோ மூடப்பட்டிருத்தல் நன்று. வெயில் குறைந்தாற் பாசி குறையும். இச்செடிகள் நீரிலுள்ள பசளையையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் சல்வீனியாவை நிழலுக்காகக்கூட அணுக விடாதீர்கள். 1939ஆம் ஆண்டளவில் இந்நாட்டுக்கு வந்த அக்களை வயல்களிலும் வாய்க்கால்களிலும் செய்த கேட்டை உங்கள் தந்தையரும் பாட்டனாரும் நன்கு அறிவர்.

மூன்றாவது, காலம். ஐப்பசியில் முதற்பெருமழை விழுந்ததும் தவளைகள் கத்தத் தொடங்கும். சில நாட்களில் வயற்கிடங்குகளில் முட்டைகளைக் காணலாம். தேரையின் முட்டைகள் நீண்ட வழுவழுப்பான நூலிற் கருமணி கோத்ததுபோல இருக்கும். தவளையின் முட்டைகள் பசைக் கட்டியாகவோ நீர்மேற் படலமாகவோ கிடக்கும். மரத்தவளை நீருக்கு மேலே தொங்கும் இலையில் வெண்ணுரைக் கூடு கட்டி முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் அங்கிருந்து நீரில் விழும். பொதுவான தேரையின் பேத்தை ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு வாரங்களிற் குஞ்சாகிக் கரையேறும்.

இங்கே நான் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. தடாகத்தைத் தக்கவாறு அமைத்து நஞ்சின்றி வைத்திருந்தால், அயலிலுள்ள தவளைகள் தாமாகவே வந்து முட்டையிடும். பெரும்பாலான வளவுகளில் நீங்கள் ஒன்றையும் பிடித்து விடத் தேவையில்லை. முதல் ஆண்டில் ஒன்றும் வராவிடின், உங்கள் சொந்த வயலில் வற்றிப்போகும் தறுவாயிலுள்ள சக்கரத்தடத்திலோ கிடங்கிலோ இருக்கும் பேத்தைகளை எடுத்து வரலாம். அங்கே விட்டால் இரண்டு நாளிற் காய்ந்து சாகப்போகும் உயிர்கள் அவை. காட்டிலிருந்தும், சரணாலயங்களிலிருந்தும், பிறர் குளங்களிலிருந்தும் எடுக்கலாகாது. நமது நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட தவளை, தேரை இனங்கள் உண்டு. அவற்றிற் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை பல உள்ளன.

தொலைவிலிருந்து கொண்டுவருவதும் கூடாது. தவளைகளைக் கொல்லும் பூஞ்சண நோயொன்றை ஆய்வாளர்கள் 1990களின் பிற்பகுதியில் இனங்கண்டனர். அது நீரோடும் தவளையோடும் ஊர்விட்டு ஊர் பரவும். 1935ஆம் ஆண்டில் அவுத்திரேலியாவின் குயின்சுலாந்துக் கரும்புத் தோட்டங்களில் வண்டுகளை ஒழிப்பதற்கென வெளிநாட்டுத் தேரையொன்றைக் கொண்டுவந்து விட்டனர். வண்டு ஒழியவில்லை. தேரையோ நாட்டின் வடபகுதி எங்கும் பரவி, அதன் நஞ்சினால் அங்குள்ள விலங்குகள் பல மடிந்தன. அயலில் இல்லாத உயிரை அழைத்து வருவோன், அது திரும்பிப் போகாது என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

நான்காவது, பிடித்து விடும் முறை. அதிகாலையிலோ பொழுதுபடும் வேளையிலோ, அவை வாழ்ந்த கிடங்கின் நீரோடு சேர்த்து அகன்ற வாளியில் மொண்டு எடுங்கள். வாளியை நிழலில் வைத்துத் தடாகத்து நீரைச் சிறிது சிறிதாக அரை மணி நேரம் கலந்து, பின்னர் மெதுவாகச் சாய்த்து விடுங்கள். இளஞ்சூடான கிடங்கு நீரிலிருந்து குளிர்ந்த தடாகத்திற்குள் திடீரெனக் கொட்டினால் அவை தாங்கா. எத்தனை விடலாம் என்று கேட்பீர்கள். ஒரு வாளி நீருக்கு ஒன்று என்ற கணக்கு நல்லது. நான் சொன்ன அளவுத் தடாகத்திற்கு முந்நூறுக்கு மேல் வேண்டாம். நூறு இருந்தாலே போதும். நெருக்கமாக விட்டால் அவை வளர்ச்சி குன்றும், நீரும் கெடும்.

மற்றப் பேத்தைகளைத் துரத்தித் தின்னும் பெரிய பேத்தைகளும் உண்டு. அவை நம் வயல்களில் வாழும் பெருந்தவளையின் குஞ்சுகள். உடல் பருத்து, கூட்டத்தோடு சேராமல் தனித்துத் திரியும். அவை பாசியைக் குறைக்கமாட்டா. பாசி தின்பனவற்றையே குறைக்கும். அவற்றைக் கிடங்கு நீரிலேயே திரும்ப விட்டுவிடுங்கள்.

ஐந்தாவது, உணவு. சோறோ பாணோ போடாதீர்கள். போட்டால் அவை பாசியை விட்டுவிடும். எஞ்சிய சோறு அழுகிப் புதிய பாசியை வளர்க்கும்.

இனித் தவிர்க்க வேண்டியவற்றைச் சொல்லுகின்றேன். மருந்து விசிறும் கருவியைத் தடாகத்திற் கழுவுவது முதற்குற்றம். பூச்சிநாசினி மாத்திரமன்று, களைநாசினியும் பேத்தைக்கு எமனாகும். மருந்து இலையில் ஒட்டிப் பரவுவதற்காக அதனுடன் சேர்க்கப்படும் சவர்க்காரம் போன்ற பொருட்கள் பேத்தைகளின் பூக்களைத் தாக்குகின்றன. கருவியை வயலின் உள்ளேயே, நீர்நிலைகளுக்கு அப்பால் கழுவுங்கள். அந்நீரைக் கிணற்றடிக்கும் கொண்டுவராதீர்கள். பாத்தி நீர் தடாகத்துள் நேரே வடியாதவாறு இடையே ஒரு சிறு வரம்பும் புல்நிரையும் அமைத்தால், மருந்தும் பசளையும் ஓரளவு தடைப்படும்.

மீன்களையும் பேத்தைகளையும் ஒரே தடாகத்தில் வைத்து இரண்டும் பெருகும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல மீன்கள் தவளைப் பேத்தைகளைத் தின்றுவிடும். நஞ்சுத்தன்மையுள்ள தேரைப் பேத்தைகளை மாத்திரம் பெரும்பாலும் தொடமாட்டா.

நுளம்பைப் பற்றி ஒரு வார்த்தை. பேத்தைகள் நுளம்புக் குடம்பிகளைத் தின்று தீர்க்கும் என்று நம்பியிராதீர்கள். அவற்றின் உணவு பாசியே. தடாகத்தைக் கிழமைதோறும் பாருங்கள். குடம்பிகள் நெளிவதைக் கண்டால் வலையால் வாரி எறியுங்கள், அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையைக் கேளுங்கள். அருகிலுள்ள சிரட்டை, பழைய ரயர், உடைந்த பானை முதலியவற்றை அகற்றுங்கள். டெங்கு நுளம்பு பெரும்பாலும் அவற்றிலேயே பெருகும். 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானதை மறக்கலாகாது. நுளம்பு பெருக இடமளிப்பது 2007ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமுமாகும்.

தவளை உள்ள இடத்திற்குப் பாம்பும் வரும். ஆகவே தடாகம் வீட்டு வாசலில் இருத்தலாகாது. சுற்றிலும் கற்குவியலும் விறகுக் குவியலும் வேண்டாம். இரவில் அப்பக்கம் செல்வோர் விளக்கும் காலணியும் இன்றிச் செல்லலாகாது. தவழும் பிள்ளைகள் உள்ள வீடாயின், தடாகத்தைச் சுற்றி வேலி அடைத்த பின்னரே நீர் நிரப்புங்கள். இரண்டடி நீர் குழந்தைக்குக் கடலாகும்.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். பேத்தை மழைக்காலத்து விருந்தாளி. தையில் அவற்றிற் பெரும்பாலானவை கரையேறிவிடும். மாசி, பங்குனி வெயிலிற் பாசி தலைதூக்கும்போது தடாகத்திற் பேத்தைகள் இருப்பது அரிது. சித்திரை மழையோடு இன்னும் சில வரக்கூடும். இடைப்பட்ட காலத்தில் உங்கள் கைகளே வேலை செய்ய வேண்டும். கவர்த்தடியையோ வாரியையோ கொண்டு நூற்பாசியைச் சுருட்டி எடுங்கள். எடுத்ததைக் கரையில் ஓரிரவு கிடக்க விடுங்கள். அதிற் சிக்கிய சிற்றுயிர்கள் நீருக்குத் திரும்பட்டும். பின்னர் அதனைக் கூட்டெருக் குழியில் இடுங்கள், அல்லது மிளகாய், கத்தரிச் செடிகளின் அடியில் மூடுபடையாகப் போடுங்கள். வடிந்து போன பசளை இவ்வாறு பாத்திக்குத் திரும்பும். ஆண்டுக்கொருமுறை, நீர் குறைந்த காலத்தில், அடிச்சேற்றிற் பாதியை அள்ளித் தோட்டத்திற்கு இடுங்கள். மயில்துத்தம் இடாத தடாகத்தின் சேறு நல்ல பசளையாகும்.

மார்கழியிலும் தையிலும் மழை விட்ட மாலை வேளைகளில், விரல்நகத்தளவு குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் வரம்பின்மேல் துள்ளிச் செல்வதைக் காண்பீர்கள். அந்நாட்களில் மட்டுமாவது வரம்புப் புல்லைக் கொளுத்தாதீர்கள். தடாகத்தோரம் களைநாசினி விசிறாதீர்கள். பாத்தியின் மூலையில் ஈரமான வைக்கோலைச் சிறிது பரப்பி வையுங்கள். பகலில் அவை அதனடியில் ஒதுங்கும். அவற்றிற் பலவற்றைக் கொக்கும் பாம்பும் கொண்டு போகும். எஞ்சும் சிலவே அடுத்த ஐப்பசியில் உங்கள் தடாகத்திற்குத் திரும்பி வந்து முட்டையிடும். அப்போது பேத்தை பிடிக்க நீங்கள் வாளியோடு வயலுக்குப் போகவேண்டியதில்லை.

கமக்காரப் பெருமக்களே, சொன்னவற்றைச் சுருக்கிச் சொல்லுகின்றேன். பாசி உங்கள் தோட்டத்திலிருந்து வடிந்த பசளை. முதலில் அந்த வடிகாலை அடையுங்கள். தடாகத்திற் பாதிக்கு நிழல் கொடுங்கள். மயில்துத்தத்தையும் மருந்தையும் நீரிற் சேர விடாதீர்கள். பேத்தை தானே வந்தால் வாழ விடுங்கள். கொண்டுவருவதாயின் அயலிலிருந்து அளவாகக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றிலும் மேலாக, கரையேற ஒரு பலகை வையுங்கள்.

இன்று வீடு சென்றதும் உங்கள் தொட்டியின் சுவரைப் பாருங்கள். அது செங்குத்தாக இருந்தால், இருட்டுவதற்கு முன் ஒரு மரக்குற்றியைச் சாய்த்து வையுங்கள். செலவில்லாத இவ்வேலையை நான் அன்றே சொல்லியிருந்தால், அம்முதியவரின் தொட்டியில் அத்தனை உயிர்கள் மிதந்திருக்கமாட்டா.